அறைக்கு வாடகை வாங்குகிறவர் பொறுப்பு

டில்லியில் 2012 டிசம்பரில் நிகழ்ந்த கூட்டுப் பலாத்காரக் கொடுமைக்குப் பின்னர், நீதிபதி ஜே.எஸ்.வர்மா தலைமையில் அமைந்த குழுவின் அறிக்கையை ஒட்டி 2013-ஆம் வருஷம் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 354-சி என்ற பிரிவு சேர்க்கப்பட்டபோதுதான், ஒரு ஸ்திரீ அந்தரங்கமாக இருக்கும் வேளையில் அவளை ஒளிந்து பார்ப்பதும் படம் பிடிப்பதும் அச்சட்டத்தில் தனிக் குற்றமாயின. அதுவரை, 1860-ஆம் வருஷத்துச் சட்டத்தின் 509-ஆம் பிரிவில், மானத்தை அவமதிக்கும் சொல்லுக்கும் சைகைக்கும் பின்னால், பெண்ணின் ஏகாந்தத்தில் அத்துமீறுவதும் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டிருந்தது. 2024 ஜூலை 1 முதல் புதிய விதி, அச்சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சம்ஹிதையின் 77-ஆம் பிரிவாக வழங்குகிறது, முதல் முறை ஓராண்டு முதல் மூன்றாண்டு வரையிலும், மறுபடி செய்தால் மூன்று முதல் ஏழாண்டு வரையிலும் சிறை, அபராதமும் உண்டு. படமெடுக்கச் சம்மதித்தவள் அதைப் பரப்பவும் சம்மதித்தவளாக மாட்டாள் என்று அதிலேயே விளக்கம் எழுதி வைத்தது விவேகமான காரியம். (ஆண்களும் குளிப்பதுண்டு என்பது மட்டும் ஞாபகத்துக்கு வரவில்லை போலும், அவர்களுக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-இ பிரிவே கதி.)

ஆயினும் இவ்விதிகள் பார்த்தவனையும் படம் பிடித்தவனையும் பரப்பினவனையும் தேடுகின்றனவேயன்றி, அது நடந்த அறைக்கு வாடகை வாங்கியவரை, உடந்தை என்று ருசுப்பித்தாலொழிய, ஒரு வார்த்தையும் கேட்பதில்லை. அறையில் காமிரா ஒளிந்திருக்கிறதா என்று கண்ணாடியில் விரல் வைத்துப் பார், விளக்கை அணைத்துப் பார், ப்ளக் பாயிண்ட்டைச் சந்தேகி என்றெல்லாம் பெண்களுக்கே உபதேசம் நடக்கிறது. காசு கொடுத்து ஓரிரவு தங்க வந்தவள் துப்பறிய வேண்டும். சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எலெக்ட்ரீஷியன் முதல் ஏசி மெக்கானிக் வரை யாரை எப்போது உள்ளே விட்டோம் என்று அறியக்கூடிய நிலையிலிருப்பவரோ, 'எனக்குத் தெரியாது' என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளலாம் என்பது என்ன நியாயம்? சாப்பாட்டில் பல்லி கிடந்தால், சமையற்காரன் மேல் பழி போட்டு ஓட்டல்காரர் தப்பிவிட நாம் விடுவதில்லையே!

தமிழ்நாட்டில் மகளிர் விடுதிகள் உரிமம் பெற்றே நடக்க வேண்டுமென்று 2014-ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று இருக்கிறது. அறைகளைக் காலாகாலத்தில் சோதித்துக் கையெழுத்திடுவதையும், பழுது பார்க்க வந்தவரின் பெயரையும் நேரத்தையும் பதிவேட்டில் குறிப்பதையும் உரிமத்தின் நிபந்தனைகளாகவே விதித்து, அதே கடமையைத் தங்கும் ஓட்டல்களுக்கும் ஜவுளிக்கடைகளின் உடை மாற்றும் அறைகளுக்கும் சர்க்கார் விஸ்தரிக்க வேண்டும். சோதிக்கத் தவறிய அறையில் காமிரா அகப்படுமானால், வைத்தவன் பிடிபடும் வரை காத்திராமல், உரிமத்தை அன்றே நிறுத்தி வைக்கலாம்.