செராஸ் கொண்டோக்களில் நாள் வாடகை: முடிவு வீட்டு உரிமையாளர்களின் கையில்

இரவு பதினொரு மணிக்கு மேல் இழுபெட்டிகளோடு வந்திறங்கும் பயணிகள், வாசலில் பாதுகாவலரிடம் கைப்பேசியைக் காட்டி எந்த புளோக் என்று கேட்பதும், வேலிக் கம்பியில் தொங்கும் சாவிப் பெட்டியை விளக்கடித்துத் தேடுவதும் செராஸ் வட்டாரக் கொண்டோமினியங்களில் இன்று பழகிப்போன காட்சி. எம்ஆர்டி காஜாங் தடம் 2017இல் முழுமையாகத் திறக்கப்பட்ட பின், அதன் நிலையங்களை ஒட்டிய வீடுகளுக்கு நாள் வாடகைக்காரர்களிடம் நல்ல கிராக்கி.

தோட்டத்தை விட்டு வந்து, சேமநிதிப் பணத்தைப் போட்டு வீடு வாங்கியவர்களும் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். மாத வாடகையில் வங்கித் தவணையைக் கட்ட முடியாதபோது, வார இறுதிகளில் நாள் வாடகைக்கு விட்டால் ஓரளவு சமாளிக்கலாம் என்பது அவர்களின் கணக்கு. பக்கத்து வீட்டுக்காரரின் கணக்கு வேறு. மின்தூக்கிக்குக் காத்திருப்பது அவர். நீச்சல் குளத்தில் யார் யாரோ குளிப்பதைப் பார்ப்பதும், விடியற்காலை வரை பாட்டுச் சத்தத்தைக் கேட்பதும் அவர்தான். பராமரிப்புக் கட்டணம் மட்டும் இருவருக்கும் ஒன்று.

இந்தச் சண்டைக்கு நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் 2020 அக்டோபரில் விடை சொல்லிவிட்டது. மோண்ட் கியாராவிலுள்ள வெர்வ் சூட்ஸ் குடியிருப்பின் நிர்வாகக் கழகம், குறுகிய கால வாடகையைத் தடை செய்து கூடுதல் விதி கொண்டுவந்தது. 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டப்படி, வீட்டை விற்பதையோ குத்தகைக்கு விடுவதையோ எந்த விதியும் தடுக்கக்கூடாது என்பது வீட்டு உரிமையாளர்களின் வாதம். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. இரண்டு மூன்று நாள் தங்கிப் போகிறவருக்குக் கிடைப்பது தங்கும் அனுமதி மட்டுமே, அது குத்தகை ஆகாது என்று அப்போதைய தலைமை நீதிபதி தெங்கு மைமுன் துவான் மாட் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. ஆகவே அதைத் தடை செய்ய நிர்வாகக் கழகத்திற்கு அதிகாரம் உண்டு. விதியை மீறுவோருக்கு 200 வெள்ளி வரை அபராதமும் விதிக்கலாம்.

பினாங்கு மாநிலம் 2023இல் இதற்கெனத் தனி வழிகாட்டியே வெளியிட்டது. கடலும் சுற்றுப்பயணிகளும் சேரும் இடமெல்லாம் இதே தலைவலிதான். பிரான்சின் நீஸ் நகரில் கடற்கரைச் சாலையை ஒட்டிய வீடுகளைப் பயணிகளுக்கு விடுவது பெரிய வியாபாரம். உள்ளூர்க்காரருக்கு வாடகை வீடு கிடைப்பது பெரும்பாடு. 2024 நவம்பரில் பிரான்ஸ் இயற்றிய சட்டம், ஒருவர் தாம் குடியிருக்கும் வீட்டை ஆண்டில் 120 நாள் வரை விடலாம் என்ற வரம்பை 90 நாளாகக் குறைக்க நகராட்சிகளுக்கு அதிகாரம் அளித்தது. வணிகத்திற்கு ஏற்கெனவே தடையுள்ள அடுக்குமாடிகளில், உரிமையாளர்கள் மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு, கூடுதலாக வைத்திருக்கும் வீடுகளைச் சுற்றுப்பயணிகளுக்கு விடுவதையும் தடுக்கலாம். முன்பு இதற்கு அத்தனை பேரும் ஒப்ப வேண்டும். பார்சிலோனா இன்னும் கடுமை: 2028 நவம்பருக்குள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட சுற்றுலா வீட்டு உரிமங்களை முடித்துக்கொள்ளப் போவதாக அதன் மேயர் அறிவித்திருக்கிறார்.

ஆனால் செராஸ், நீஸ் அல்ல. இங்கே வந்து தங்குகிறவர்கள் எல்லாம் உல்லாசப் பயணிகளும் அல்லர். செராஸ் துவாங்கு முஹ்ரிஸ் மருத்துவமனையில் படுத்திருக்கும் அப்பாவைப் பார்க்க பேராக்கிலிருந்தோ ஜொகூரிலிருந்தோ வரும் தோட்டப்புறக் குடும்பத்தை எண்ணிப் பாருங்கள். ஆறு பேர் ஹோட்டலில் இரண்டு அறை எடுப்பதைவிட, சமையலறையுள்ள ஒரு வீட்டில் கஞ்சி வைத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது அவர்களுக்குப் பெரிய உதவி. பத்துமலைத் தைப்பூசத்திற்கும் திருமணங்களுக்கும் வருவோர் நிலையும் இதுதான். முழுத் தடை போடும்போது இவர்களுக்கும் சேர்த்தே கதவு சாத்தப்படுகிறது. குறைந்தபட்ச நாள், ஆள் வரம்பு, முன்பதிவு, வைப்புத்தொகை என்று கட்டுப்பாடு வைத்துப் பார்த்த பிறகு தடையைப் பற்றிப் பேசலாம்.

எதுவானாலும் அதைத் தீர்மானிப்பது பொதுக்கூட்டம். கூடுதல் விதிக்கு 21 நாள் முன்னறிவிப்பும், பதிவான செல்லத்தக்க வாக்குகளில் நான்கில் மூன்று பங்கும் வேண்டும். மொத்த உரிமையாளர்களில் நான்கில் மூன்று பங்கு என்று பலர் தவறாக நினைத்துக்கொள்கிறார்கள். குறித்த நேரத்திலிருந்து அரை மணி நேரம் கழித்தும் ஆள் சேராவிட்டால், வந்திருப்பவர்களே போதும். 400 வீடுகள் உள்ள இடத்தில் 40 பேர் வந்து கைதூக்கினால், 30 பேர் சொன்னது அத்தனை வீட்டுக்கும் விதியாகிவிடும். கூட்டம் ஞாயிற்றுக்கிழமை காலையில் என்றால் நம்மவர்களில் எத்தனை பேர் போகிறார்கள் என்பது தெரிந்த கதை.

போக முடியாதவர், பாரத்தில் ஒப்பமிட்டு வேறொருவரைத் தம் சார்பில் அனுப்பலாம். ஆனால் கூட்டத்திற்கு ஏழு நாள் முன்புள்ள கணக்குப்படி பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருப்பவருக்கு வாக்கு கிடையாது. தவணை கட்டத் திணறி, அதனாலேயே வீட்டை நாள் வாடகைக்கு விட்டவர்களில் சிலர் அந்தப் பாக்கிப் பட்டியலில்தான் இருப்பார்கள்.