எறியும் கை யாருடையது?

2023 பிப்ரவரி 12. அரிசோனா மாநிலத்தின் கிளெண்டேல் நகரில் அமெரிக்கக் கால்பந்து லீகான என்எஃப்எல்லின் சூப்பர் பவுல் இறுதியாட்டம். இரண்டாம் கால்பகுதியின் தொடக்கத்தில் ஃபிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் குவார்ட்டர்பேக் ஜேலன் ஹர்ட்ஸ் 45 யார்டு தூரத்துக்குப் பந்தை உயர எறிந்தார். ஏ.ஜே. பிரவுன் அதை எட்டிப் பிடித்துக்கொண்டு எல்லைக்குள் போய் விழுந்தார்: டச் டவுன். நான்காம் கால்பகுதியில் எதிரணியான கன்சாஸ் சிட்டி சீஃப்ஸின் முறை. எல்லைக்கு நான்கே யார்டு தூரத்தில், பக்கத்தில் தடுக்க ஒருவர்கூட இல்லாமல் தனியாக நின்ற ஸ்கை மூர் என்ற முதலாண்டு வீரர் பந்தை வாங்கிக்கொண்டார். தொழில்முறை ஆட்டத்தில் அவருக்கு அதுதான் முதல் டச் டவுன். 38–35 என்று சீஃப்ஸ் கோப்பையை வென்றது.

பிரவுன், டிராஃப்ட் பிக்குகளைக் கொடுத்து வாங்கப்பட்டவர். மூர், எறிந்த பந்தைப் பிடிப்பதே வேலையான ரிசீவர்களில் நட்சத்திரமான டைரீக் ஹில்லை விற்றதில் கிடைத்த பிக்கின் வழியாக வந்தவர். ஓர் அணி ரிசீவரை வாங்கியது, இன்னோர் அணி விற்றது. இரண்டு அணியும் அந்த ஆண்டு இறுதியாட்டத்தில் நின்றன. அப்படியானால் அணியின் ஆகச்சிறந்த ரிசீவரை விற்று, நாளைக்கு வரப்போகும் இளைஞர்களுக்கான உரிமைச்சீட்டை வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனமா, இல்லையா? மார்ச் மாதம் பிறந்தால் அமெரிக்காவின் ஏதோ ஒரு நகரத்தில் இந்த விவாதம் கிளம்பிவிடுகிறது. விவாதிப்பவர்கள் ரிசீவரின் வயதைப் பார்க்கிறார்கள், சம்பளத்தைப் பார்க்கிறார்கள், எத்தனை பிக் வருகிறது என்று எண்ணுகிறார்கள். அவருக்குப் பந்தை எறிகிறவர் யார் என்ற கேள்வி கடைசியில்தான் வருகிறது. முதலில் கேட்க வேண்டிய கேள்வியே அதுதான்.

ஐபிஎல் ஏலம் பார்த்துப் பழகிய கண்ணுக்கு டிராஃப்ட் சற்றுப் புதிதாக இருக்கும். இதில் ஏலக்குரல் கிடையாது. 32 அணிகள், ஏழு சுற்றுகள். போன பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு. கோப்பை வென்ற அணி வரிசையின் கடைசியில் நிற்கும். கல்லூரியிலிருந்து வரும் இளைஞரின் முதல் ஒப்பந்தம் நான்கு ஆண்டு; எந்த எண்ணில் எடுக்கப்பட்டாரோ அதை ஒட்டியே சம்பளமும் அமையும். வரிசையில் தனக்குள்ள இடத்தை ஓர் அணி இன்னொரு அணிக்கு விற்கலாம், மாற்றிக்கொள்ளலாம். அதைத்தான் பிக் என்கிறார்கள்.

இதோடு சம்பள உச்சவரம்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2022 பருவத்தில் ஓர் அணி மொத்தமாகச் செலவழிக்கக்கூடிய தொகை 20.82 கோடி டாலர். அதற்குள் 53 பேர் கொண்ட அணியைக் கட்ட வேண்டும். மயாமி டால்ஃபின்ஸ் அணி ஹில்லுக்கு ஒப்புக்கொண்டது நான்கு ஆண்டுக்கு 12 கோடி டாலர். அதாவது ஆண்டுச் சராசரி அந்த வரம்பில் ஏழில் ஒரு பங்கு, ஒரே ஆளுக்கு. முதல் சுற்றில் 21-வதாக எடுக்கப்பட்ட இளைஞருக்கோ நான்கு ஆண்டுக்கும் சேர்த்தே சுமார் 1.4 கோடி டாலர்தான். விற்கச் சொல்பவர்களின் கணக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது. அதைத் தப்புக்கணக்கு என்று தள்ளிவிட முடியாது.

அந்த 2022-ன் வசந்தம் இந்த விவாதத்துக்கு ஒரு பரிசோதனைக் கூடமாகவே அமைந்தது. ஆறு வாரத்துக்குள் மூன்று முன்னணி ரிசீவர்கள் கைமாறினார்கள். மார்ச் நடுவில் கிரீன் பே பாக்கர்ஸ், டவான்டே ஆடம்ஸை லாஸ் வேகஸ் ரெய்டர்ஸுக்கு ஒரு முதல் சுற்று, ஒரு இரண்டாம் சுற்று பிக்குக்குக் கொடுத்தது. மார்ச் 23 அன்று ஹில்லைக் கொடுத்த சீஃப்ஸுக்கு ஐந்து பிக் கிடைத்தது. ஏப்ரல் 28, டிராஃப்ட் நடந்த இரவிலேயே, டென்னஸி டைட்டன்ஸ் அணி பிரவுனை ஃபிலடெல்பியாவுக்கு அனுப்பி 18, 101 ஆகிய இரண்டு எண்களைப் பெற்றது.

மூன்றும் பார்வைக்கு ஒரே மாதிரியான வியாபாரம். முடிவுகள் மட்டும் மூன்று திசையில் போயின.

சீஃப்ஸில் எறிகிற கை பேட்ரிக் மஹோம்ஸின் கை. அப்போது அவருக்கு வயது 26. ஹில் இருந்த 2021-ல் 4,839 யார்டு, 37 டச் டவுன் எறிந்தவர், ஹில் போன 2022-ல் 5,250 யார்டு, 41 டச் டவுன் எறிந்து ஆண்டின் சிறந்த வீரரானார். ஹில்லின் வேகத்துக்கு மாற்று யாரும் அங்கே இல்லை. ஆனால் பந்து பிடிக்கும் இன்னோர் இடமான டைட் எண்டில் டிராவிஸ் கெல்சி இருந்தார். அந்தப் பருவத்தில் 110 முறை பந்தைப் பிடித்தார். மிச்சப் பந்துகளை மஹோம்ஸ் கிடைத்த கைகளுக்கெல்லாம் பகிர்ந்து கொடுத்தார். மிச்சமான பணத்திலும் பிக்குகளிலும் ஒரு பகுதி தடுப்பாட்டத்துக்குப் போனது. ஹில்லுக்காக வந்த 29-ம் எண்ணோடு வேறு இரண்டு பிக்கைச் சேர்த்துக் கொடுத்து 21-ம் இடத்துக்கு ஏறி, எதிரணி ரிசீவர்களைத் தடுக்கும் கார்னர்பேக்கான டிரென்ட் மெக்டஃபியை எடுத்தார்கள்.

மெக்டஃபி என்ன செய்தார் என்பதற்கு ஒரே ஒரு ஆட்ட நொடி போதும். 2024 பிப்ரவரி 11, லாஸ் வேகஸ், அடுத்த சூப்பர் பவுல். 16–16 சமநிலை, ஆட்டம் முடிய இரண்டு நிமிட அளவே பாக்கி. மூன்றாம் முயற்சி, எதிரணியான சான் ஃபிரான்சிஸ்கோவுக்குத் தேவை ஐந்து யார்டு. அது கிடைத்திருந்தால் கடிகாரத்தைக் கரைத்துவிட்டு ஆட்டத்தையே முடித்திருப்பார்கள். மெக்டஃபி தன் காவல் இடத்தை விட்டுவிட்டு நேராக எறிபவரை நோக்கிப் பாய்ந்தார். தடுக்க ஆளில்லை. புராக் பர்டியின் கையிலிருந்து கிளம்பிய பந்தைத் தட்டிவிட்டார். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு உதை மூலம் மூன்று புள்ளி கிடைத்தது. மஹோம்ஸுக்கு நேரம் கிடைத்தது. ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போய் 25–22 என்று சீஃப்ஸ் ஜெயித்தது. ஹில்லை விற்ற பிறகு அடுத்தடுத்து இரண்டு கோப்பை.

சீஃப்ஸ் விலையே கொடுக்கவில்லை என்று சொல்வதும் சரியல்ல. 2023 பருவம் முழுக்க அந்த அணியின் ரிசீவர்கள் கைக்கு வந்த பந்துகளை நழுவவிட்டபடியே இருந்தார்கள். நவம்பரில் ஃபிலடெல்பியாவுக்கு எதிராகக் கடைசி நிமிடங்களில், வெற்றியைத் தந்திருக்கக்கூடிய நீண்ட எறிதலே கைநழுவிப்போய் 17–21 என்று தோற்றார்கள். கிளெண்டேலில் டச் டவுன் அடித்த மூரும் பின்னாளில் பெரிய ஆளாக வரவில்லை. அந்தக் குறைகளையெல்லாம் தாங்கிக்கொண்டு கோப்பை வரை இழுத்துப்போக ஒரு மஹோம்ஸ் தேவைப்பட்டார்.

டென்னஸியில் அப்படி ஒருவர் இல்லை. 2021-ல் 12 வெற்றி, 5 தோல்வியோடு லீகின் இரு பிரிவுகளில் தன் பிரிவில் முதலிடம் பிடித்த அணி அது. ஆனால் அதன் குவார்ட்டர்பேக் ரயன் டானஹில், நல்ல துணை இருந்தால் நன்றாக ஆடுபவர். இல்லாத இடத்தில் ஆட்டத்தை உருவாக்குபவர் அல்ல. பிரவுன்தான் அவருடைய எறிதல்களுக்கு மதிப்புக் கூட்டியவர். அவரை விற்றுக் கிடைத்த 18-ம் எண்ணில் டிரெய்லன் பர்க்ஸ் என்ற இன்னொரு ரிசீவரையே எடுத்தார்கள். முதல் ஆண்டில் அவர் பிடித்தது 444 யார்டு. பிரவுன் ஃபிலடெல்பியாவில் பிடித்தது 1,496 யார்டு. அந்த டிசம்பர் 4 அன்று பழைய அணியை நேருக்கு நேர் சந்தித்த பிரவுன் 8 பந்தைப் பிடித்து, 119 யார்டு, இரண்டு டச் டவுன் எடுத்தார். டென்னஸி 10–35 என்று தோற்றது. இரண்டு நாள் கழித்து, அவரை விற்ற பொது மேலாளர் ஜான் ராபின்சனை அணி வேலையிலிருந்து நீக்கியது. பருவத்தின் கடைசி ஏழு ஆட்டத்திலும் தோல்வி, முடிவில் 7–10.

கிரீன் பே கதை இந்த வாதத்துக்கே சவால் விடுவது. அதனால் அதைத் தாண்டிப் போகக்கூடாது. அங்கே எறிந்தவர் ஆரன் ராஜர்ஸ், முந்தைய இரண்டு ஆண்டிலும் சிறந்த வீரர் விருது வாங்கியவர். பிறகு ஏன் அந்த அணி 8–9 என்று சரிந்தது? ஆடம்ஸ் தானாகவே போக விரும்பினார், ராஜர்ஸுக்குப் பருவத்தின் நடுவில் கட்டைவிரல் உடைந்தது என்பதெல்லாம் உண்மை. ஆனால் முக்கியமான காரணம், ராஜர்ஸுக்கு அப்போது வயது 38. பிக் என்பது விதை. காய்க்க இரண்டு மூன்று பருவம் எடுக்கும். ஆடம்ஸுக்காக வந்த இரண்டாம் சுற்று எண்ணோடு தங்களிடம் இருந்த இன்னொன்றையும் சேர்த்துக் கொடுத்து, முன்னேறிப் போய் எடுத்த கிறிஸ்டியன் வாட்சன், பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே அணியின் முதல் எறிதலை, பிடித்து ஓடியிருந்தால் நேரே டச் டவுனாகியிருக்கும் பந்தை, கைக்குள் வந்தும் நழுவவிட்டார். 26 வயது மஹோம்ஸால் இளைஞர்கள் தேறும்வரை காத்திருக்க முடிந்தது. 38 வயது ராஜர்ஸிடம் அந்தக் காலம் இல்லை. அடுத்த ஆண்டு அவர் நியூயார்க் போய்விட்டார். கிரீன் பேயின் இளைஞர்கள் ஜோர்டன் லவ் என்ற புதிய கைக்கு வந்துசேர்ந்து, டல்லஸை 48–32 என்று பிளேஆஃபில் வீழ்த்தினார்கள். விதை முளைத்தது, யாருக்காக நட்டதாகச் சொன்னார்களோ அவர் போன பிறகு.

விற்கச் சொல்பவர்கள் கையில் எப்போதும் ஒரு துருப்புச் சீட்டு இருக்கும்: மினசோட்டா வைக்கிங்ஸ். 2020 மார்ச்சில் ஸ்டெஃபான் டிக்ஸை பஃபலோவுக்கு விற்றார்கள். கிடைத்த 22-ம் எண்ணில் ஜஸ்டின் ஜெஃபர்சன் வந்தார். முதல் பருவத்திலேயே 1,400 யார்டு, 2022-ல் 1,809. உண்மையிலேயே அற்புதமான வரவு. ஆனால் அவருக்குச் சரியாக ஒரு இடம் முன்னால், 21-ம் எண்ணில், ஃபிலடெல்பியா அவரைத் தாண்டிவிட்டு ஜேலன் ரேகர் என்ற ரிசீவரை எடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டாமா? அந்த ரேகர் தேறவில்லை. பிரவுனை வாங்க வேண்டிய நிலைக்கு ஃபிலடெல்பியா வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். நோபல் பரிசு பெற்ற பொருளியலாளர் ரிச்சர்டு தேலரும் கேட் மேஸியும் டிராஃப்டை ஆராய்ந்து எழுதிய கட்டுரையில், ஒரே பொறுப்புக்கு அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இருவரில் முன்னால் எடுக்கப்பட்டவர் மேலானவராக அமையும் வாய்ப்பு 52 சதவீதம்தான் என்று கண்டார்கள். காசைச் சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல்.

இதே மினசோட்டா 2005-ல் ராண்டி மாஸை ஓக்லண்டுக்குக் கொடுத்து ஏழாம் எண்ணை வாங்கியது. 22 அல்ல, ஏழு. அதில் எடுத்த டிராய் வில்லியம்சன் மூன்று பருவத்தில் மூன்றே டச் டவுன் பிடித்துவிட்டு வேறு அணிக்குப் போனார். மாஸ் 2007-ல் நியூ இங்கிலாந்தில் ஒரே பருவத்தில் 23 பிடித்துச் சாதனை படைத்தார். ஒரே அணி, ஒரே முறை வியாபாரம். ஒரு தடவை ஜெஃபர்சன், ஒரு தடவை வில்லியம்சன். ஜெஃபர்சன் வந்த 2020-ல்கூட வைக்கிங்ஸ் 10–6 லிருந்து 7–9க்கு இறங்கியது.

டிக்ஸை வாங்கியவர்கள் என்ன ஆனார்கள் என்பதை யாரும் அதே மூச்சில் சொல்வதில்லை. பஃபலோவின் ஜாஷ் ஆலனுக்கு அப்போது இரண்டு பருவ அனுபவம்தான். 2019-ல் நூற்றுக்கு 59 எறிதல்கூட இலக்கைச் சேரவில்லை. டிக்ஸ் வந்த ஆண்டு அது 69 ஆனது. டச் டவுன் 20-லிருந்து 37 ஆனது. பிரவுன் வந்ததும் ஹர்ட்ஸ் சூப்பர் பவுல் ஏறினார். ஹில் போய்ச் சேர்ந்த மயாமியில், தேறுவாரா என்று எல்லோரும் சந்தேகித்த டுவா டங்கோவைலோவா 2023-ல் லீகிலேயே அதிக யார்டு எறிந்தார். மயாமிக்குக் கோப்பை கிடைக்கவில்லைதான். 2024 ஜனவரியில், மைனஸ் 20 டிகிரிக் குளிரில், ஹில்லின் பழைய மைதானத்திலேயே சீஃப்ஸிடம் 7–26 என்று தோற்று வெளியேறினார்கள். அந்த ஏழு புள்ளிக்கான டச் டவுனை அடித்தவர் ஹில். ஆனாலும் தங்கள் இளம் குவார்ட்டர்பேக்கால் என்ன முடியும், என்ன முடியாது என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. தடுமாறும் இளைஞரைச் சுற்றி நல்ல ரிசீவர் இல்லையென்றால், குறை எறிபவரிடமா, பிடிப்பவரிடமா என்பதே தெரியாமல் ஆண்டுகள் போய்விடும்.

ஆகவே இந்தப் பத்தியின் நிலை இது. குவார்ட்டர்பேக் நிரூபணமானவர், அவருக்கு முன்னே பல ஆண்டு இருக்கிறது, நம்பிப் பந்து கொடுக்க இரண்டாவதாக ஒரு ஜோடிக் கை அணியில் உண்டு என்றால், தயங்காமல் விற்கலாம். நல்ல விலை வரும்போதே விற்க வேண்டும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் விற்கக்கூடாது. குவார்ட்டர்பேக் இளைஞராகவோ நடுத்தரமானவராகவோ இருந்தால், எத்தனை முதல் சுற்று பிக்கை மேசையில் வைத்தாலும் தொலைபேசியை வைத்துவிட வேண்டும்.

"சம்பளம் கட்டுப்படியாகாது" என்ற சமாதானம் டென்னஸி விஷயத்தில் நிற்காது. விற்ற அன்றிரவே ஃபிலடெல்பியா பிரவுனுக்கு நான்கு ஆண்டுக்கு 10 கோடி டாலர் ஒப்பந்தம் கொடுத்தது. ஆண்டுக்கு 2.5 கோடி; அன்றைய உச்சவரம்பில் 12 சதவீதம். 2025-ல் உச்சவரம்பு 27.92 கோடியாகிவிட்டது, அதே 2.5 கோடி அதில் 9 சதவீதம்கூட இல்லை. 2024-ல் ஜெஃபர்சன் கையெழுத்திட்டதோ ஆண்டுக்கு 3.5 கோடிக்கு. உச்சவரம்பு ஏறிக்கொண்டே இருக்கும் லீகில், 24 வயது ரிசீவருக்கு மலைப்பாகத் தெரியும் விலை மூன்று ஆண்டில் மலிவாகிவிடும். இதை எந்த மேலாளரும் அறியாதவர் இல்லை. மூன்றாம் ஆண்டு முடியும்போதே உட்கார்ந்து பேசியிருந்தால் டிராஃப்ட் இரவில் அவசர வியாபாரம் தேவைப்பட்டிருக்காது.

டென்னஸி 2023-ல் 6–11, 2024-ல் 3–14. அந்தத் தோல்விகளின் பலனாக 2025 ஏப்ரலில் டிராஃப்டின் முதல் எண்ணே கிடைத்தது. கேம் வார்டு என்ற இளம் குவார்ட்டர்பேக்கை எடுத்தார்கள். முதல் பருவத்தில் அவர் பந்து எறிய வேண்டியிருந்த ரிசீவர்களில் இருவர் நான்காம் சுற்றில் எடுக்கப்பட்ட புதுமுகங்கள். பிரவுனின் இடத்துக்கு வந்த பர்க்ஸை அதே பருவத்தின் நடுவில் அணி விடுவித்துவிட்டது. அதற்கு எட்டு மாதம் முன்பு, 2025 பிப்ரவரியில், பிரவுன் ஃபிலடெல்பியாவோடு சூப்பர் பவுல் வென்றிருந்தார்.