இரவுப் பாசனத்துக்கு எந்த டார்ச்?

இரவில் மும்முனை மின்சாரம் வரும் ஊர்களில், நள்ளிரவில் மோட்டார் போடவும் மடை மாற்றவும் வரப்பில் நடப்பவருக்கு டார்ச் லைட்டும் ஒரு பண்ணைக் கருவிதான். மண்வெட்டியைத் தட்டிப் பார்த்து வாங்கும் நாம், டார்ச்சை மட்டும் அட்டையில் அச்சடித்ததை நம்பி வாங்கிவிடுகிறோம். இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் சுமார் 12 லட்சம் பேர் இறந்திருக்கலாம் என 2020-இல் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. இறந்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்தினர். பாதி வழியில் மங்கும் டார்ச்சை அற்பக் குறையாக நினைக்க முடியாது.

அட்டையில் ‘10,000 லூமென்’ என்று இருந்தால் சிறு கணக்குப் போடுங்கள். நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு 100 முதல் 150 லூமென் தரும். அப்படியானால் 10,000 லூமெனுக்கு 65 வாட்டுக்கு மேல் தேவை. கையடக்க டார்ச்சில் போடும் ‘18650’ லித்தியம் பேட்டரி ஒன்றில் இருப்பதோ 9 முதல் 12 வாட்-மணி. சுமார் பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும். அதற்குள் கையும் சுடும். 18 மி.மீ. குறுக்களவும் 65 மி.மீ. நீளமும் கொண்ட இந்தப் பேட்டரியில் ‘9,900 எம்.ஏ.எச்.’ என்று எழுதியிருந்தால் அது பொய். நல்லவற்றிலேயே 3,600-ஐத் தாண்டுவது அரிது. தராசில் வைத்துப் பாருங்கள், நல்ல பேட்டரி 45 கிராம் அளவில் இருக்கும். 30 கிராம்கூட இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

பெயர்பெற்ற நிறுவனங்களின் அட்டையையும் புரிந்து படிக்க வேண்டும். பலரும் பின்பற்றும் அளவீட்டு முறையில், ‘எரியும் நேரம்’ என்பது தொடக்க வெளிச்சம் பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையிலான நேரம். எட்டு மணி நேரம் என்று போட்டிருந்தால், அதில் கடைசிச் சில மணி நேரம் வெறும் மினுக்கலாக இருக்கலாம். ‘500 மீட்டர்’ என்றால் அந்தத் தூரத்தில் முழுநிலவு அளவுக்கு, அதாவது கால் லக்ஸ் வெளிச்சம் விழும் என்றுதான் பொருள். பரண் மேல் காட்டுப்பன்றிக்குக் காவல் இருப்பவருக்கு அது உதவும். வரப்பில் நடப்பவருக்குக் காலடியிலிருந்து பத்துப் பதினைந்து அடி வரை பரவலாக விழும் ஒளியே வேண்டும்.

சோதிப்பது எளிது. முழுதாகச் சார்ஜ் செய்து, இருட்டறையில் சுவருக்கு ஒரு மீட்டர் முன்னால் டார்ச்சை வையுங்கள். ஒளி விழும் இடத்தில் லக்ஸ் காட்டும் செயலியுள்ள செல்போனை வைத்து, அரை நிமிடம், அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி கழித்து அளந்து எழுதுங்கள். செல்போன் காட்டும் எண் துல்லியமாக இராது; ஆனால் எவ்வளவு வேகமாக விழுகிறது என்பது தெரிந்துவிடும். முதலில் கண்ணைக் கூசச் செய்து ஒரு மணி நேரத்தில் பாதியாவதைவிட, 200 லூமெனை மூன்று மணி நேரம் நிதானமாகத் தருவதையே நான் எடுப்பேன்.

மழைக்கு ‘ஐ.பி.எக்ஸ்.4’ போதும், அது தெறிக்கும் நீரைத்தான் தாங்கும். வாய்க்காலில் விழுந்தாலும் பிழைக்க ‘ஐ.பி.எக்ஸ்.7’ வேண்டும். ஈய அமில பேட்டரி உள்ள பெரிய டார்ச்சுகளை முழுதும் தீரவிட்டு மூலையில் போட்டால், அடுத்த பருவத்தில் சார்ஜ் ஏறாது. பயன்படுத்தாவிட்டாலும் மாதம் ஒருமுறை சார்ஜ் போடுங்கள்.

நெற்றி விளக்கு கைகளுக்கு ஓய்வு தரும். ஆனால் கண்ணருகிலிருந்தே ஒளி போவதால் நிழல் விழாது. சருகில் கிடக்கும் கண்ணாடிவிரியன் சருகாகவே தெரியும். டார்ச்சை இடுப்புக்குக் கீழே பிடித்து நடந்தால் மேடு பள்ளமும், சுருண்டு கிடப்பதும் நிழலோடு தெரியும்.

வேளாண் அலுவலர்கள் அடுத்த உழவர் குழுக் கூட்டத்தை மாலையில் வைத்து, எல்லோரையும் தத்தம் டார்ச்சோடு வரச் சொல்லலாம். ஒரு சுவரும் ஒரு செல்போனும் இரண்டு மணி நேரமும் இருந்தால் போதும், எந்தக் கடைச் சரக்கு நிற்கிறது என்று ஊருக்கே தெரிந்துவிடும்.