காலுக்கடியில் ஹீட்டர்... மேலே டைல்ஸா, மரமா? ஜெர்மனி வீடுகளின் கரண்ட் பில்லை முடிவு செய்யும் தரை!

ஜெர்மனியில் ஏறக்குறைய பாதி வீடுகள் கேஸில்தான் சூடாகின்றன. 2022ல் உக்ரைன் போர் தொடங்கியதும் ரஷ்ய கேஸ் வரத்து சரிந்து, விலை எகிறியது. அதன் பிறகு மக்களின் பார்வை கரண்டில் ஓடும் 'ஹீட் பம்ப்' பக்கம் திரும்பியது.

புதிய ஹீட்டர்கள் 65% புதுப்பிக்கத்தக்க ஆற்றலில் இயங்க வேண்டும் என்ற சட்டம், 2024 ஜனவரியில் படிப்படியாக அமலுக்கு வரத் தொடங்கியது. ஹீட் பம்புக்கு 70% வரை மானியமும் உண்டு. 2025ல் அமைந்த மெர்ஸ் அரசோ, அந்தச் சட்டத்தை நீக்குவோம் என்றது. ஆனால், சட்டம் எப்படி மாறினாலும் ஒரு கணக்கு மாறாது.

அது என்ன கணக்கு?

தண்ணீர் எவ்வளவு குறைவாகச் சூடானால் போதுமோ, அவ்வளவு குறைவாக ஹீட் பம்ப் கரண்ட் இழுக்கும். பழைய ரேடியேட்டர்களுக்கு 55 டிகிரிக்கு மேல் தேவைப்படும். தரைக்கடியில் பைப் பதித்தால் 35 டிகிரியே போதும். காரணம், முழுத் தரையுமே ஹீட்டராகிவிடுகிறது.

மேலே என்ன போடலாம்?

டைல்ஸ், கல் என்றால் சூடு சட்டென மேலே வரும். அதோடு ஒப்பிட்டால், 15 மி.மீ. ஓக் மரம் வெப்பத்தை எட்டு, ஒன்பது மடங்கு தடுக்கும். தடிமனான கார்பெட்? ஹீட்டருக்குப் போர்வை போர்த்தின கதைதான்! அப்போது தண்ணீரை இன்னும் சூடாக்க வேண்டும். ஒவ்வொரு டிகிரிக்கும் கரண்ட் செலவு சுமார் 2.5% ஏறும். 5 டிகிரி ஏத்தினா, 12% போச்சு.

மரம்தான் வேணும்னா?

போடலாம். பல அடுக்கு ஒட்டிய மரப்பலகை நல்லது. அதையும் தரையோடு பசை வைத்து ஒட்ட வேண்டும். நடுவே காற்று இருந்தால் சூடு ஏறாது. பீச் மரம் ஈரத்துக்கு அதிகம் சுருங்கி விரியும் என்பதால் இடைவெளி விழும். தரையின் மேற்பரப்பு 29 டிகிரியைத் தாண்டக்கூடாது.

எங்கே தவறு நடக்கிறது?

பைப்புகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்பது, மேலே வரப்போகும் பொருளைப் பொறுத்தது. டைல்ஸுக்குக் கணக்குப் போட்டு பைப் பதித்துவிட்டு, கடைசியில் கார்பெட் விரித்தால் அறை சூடாகாது. சிமென்ட் போட்ட பிறகு பைப்பை நகர்த்தவும் முடியாது.

ஆக, தரையை முதலில் முடிவு பண்ணணும், பைப் அப்புறம்தான். இந்த வரிசை மாறினால், வீட்டுக்காரர் பல ஆண்டுகளுக்குக் கூடுதல் பில் கட்ட வேண்டியதுதான்.