வேலி காணாத வயல்கள்

இம்முறை வாசகர்களை இங்கிலாந்துக்கு அழைத்துச் செல்லக் கருதுகிறோம். இலண்டன் மாநகருக்கு அன்று. அதற்கு வெகு வடக்கே, நாட்டிங்ஹாம்ஷயர் வட்டாரத்திலுள்ள லாக்ஸ்டன் என்னும் சிற்றூருக்கு.

அவ்வூர்த் தெருவில் நடப்பவர் முதலில் காண்பது ஒரு புதுமை. ஆங்கில நாட்டுப்புறத்தில் பண்ணை வீடு பெரும்பாலும் தன் நிலத்தின் நடுவே தனித்து நிற்கும். இங்கோ பண்ணை வீடுகள் தெருவோரத்திலேயே அடுத்தடுத்து நிற்கின்றன. உழவரின் நிலம் ஓரிடத்தில் இராமல், மேற்கு வயல், ஆலை வயல், தெற்கு வயல் என்னும் மூன்று பெருவயல்களில் நீண்ட பட்டைகளாகச் சிதறிக் கிடப்பதே காரணம். நல்ல மண்ணும் ஈரக் களியும் எல்லார்க்கும் பங்காக வரவேண்டும் என்பது முன்னோர் கணக்கு என்பர். ஒரு வயலில் குளிர்காலக் கோதுமை, மற்றொன்றில் வசந்தகாலப் பயிர், மூன்றாவதில் தரிசு அல்லது தீவனம். ஆண்டுதோறும் முறை மாறும். பட்டைகளுக்கிடையே வேலி கிடையாது.

வேலியில்லையெனில் எல்லைத் தகராறு வாராதோ என்பீர்கள். வராமலென்ன! அதற்கென்றே 'கோர்ட் லீட்' என்னும் பழைய ஊர்மன்றம் இருக்கிறது. நவம்பர் இறுதியில் ஜூரிகள் கோதுமை வயலைச் சுற்றி வருவார்கள். அவர்களும் அவ்வூரார்தாம். பாதையிலோ பொதுப் புல்நிலத்திலோ ஏரை ஓட்டியவர் யார், வாய்க்காலைத் தூர் வாராதவர் யார் என்று பார்த்து, எல்லை மங்கிய இடத்தில் முளை அடிப்பார்கள். அடுத்த வாரம் 'டவ்காட்' என்னும் விடுதியில் மன்றம் கூடும். குற்றங்கள் படிக்கப்படும், அபராதம் விதிக்கப்படும். தொகை சொற்பமே. ஆயினும், அண்டை அயலார் முன்னிலையில் தன் பெயர் படிக்கப்படுவதைக் கேட்டு உட்கார்ந்திருப்பதே மெய்யான அபராதம் என்று எமக்குத் தோன்றுகிறது. ஜூரியின் பட்டையும் பார்வைக்குத் தப்பாது.

ஒரு காலத்தில் இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இத்தகைய ஊர்கள் மலிந்திருந்தன. 1604 முதல் 1914 வரை பாராளுமன்றம் 5,200-க்கு மேற்பட்ட வேலியடைப்புச் சட்டங்களை இயற்றிற்று. 68 லட்சம் ஏக்கர், அதாவது நாட்டின் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அவற்றுக்கு உட்பட்டது. பத்திரம் வைத்திருந்தவருக்கு நிலம் ஓரிடமாகச் சேர்ந்து கிடைத்தது. வழக்கத்தை மட்டும் நம்பி, பொதுநிலத்தில் ஒரு பசுவை மேய்த்தும் விறகு பொறுக்கியும் வாழ்ந்த ஏழையரில் பலர்க்கு ஒன்றும் கிட்டவில்லை. அவர்கள் கூலிக்குப் போயினர், நகரங்களுக்கும் போயினர். ஊர்விட்டுப் பிழைக்க வந்த நமக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

லாக்ஸ்டனிலும் நிலத்தின் பெரும்பகுதி காலப்போக்கில் அடைக்கப்பட்டதுதான்; மூன்று வயல்களின் நடுப்பாகம் எஞ்சியது. 1635-ல் மார்க் பியர்ஸ் என்பவர் வரைந்த நிலப்படம் ஆக்ஸ்போர்டிலுள்ள பாட்லியன் நூலகத்தில் இருக்கிறது. அதில் 2,000-க்கு மேற்பட்ட பட்டைகள் காணப்படுகின்றன. உழுவோரையும் அறுப்போரையும்கூடச் சிறு சித்திரங்களாகத் தீட்டியிருக்கிறார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அப்பட்டைகள் இணைக்கப்பட்டு எண்ணிக்கையிற் குறைந்தன. 1952-ல் மேன்வர்ஸ் பிரபுவிடமிருந்து விவசாய அமைச்சகம் ஊரை விலைக்கு வாங்கியது. 1981-ல் அது அரச நிலங்களைப் பேணும் ஆணையத்திடம் சென்றது. 2020-ல் பிரபுவின் பழைய தோர்ஸ்பி பண்ணைக்கே திரும்பியது. இதற்கிடையே, 1977-ஆம் ஆண்டுச் சட்டம் இத்தகைய பழைய மன்றங்களின் அதிகாரத்தை நீக்கியபோது, லாக்ஸ்டனுக்கு மட்டும் விலக்களித்தது.

இக்காலத்து உழவுப் பொறிகளுக்குப் பட்டைகள் குறுகல். உழவர் தொகையும் முன்போல் இல்லை. ஆனாலும் குளிர்காலந்தோறும் விடுதியில் பெயர்ப்பட்டியல் வாசிக்கப்படுகிறது. வாராதவர்க்கும் சில காசுகள் அபராதம் உண்டு.