கத்தரியைக் கொஞ்சம் கீழே வையுங்கள்

ஊட்டியில் எங்கள் வீட்டு வாசலில் ஒரு ஹைட்ராஞ்சியா நிற்கிறது. குன்னூரில் மாமியார் வீட்டுச் செடியிலிருந்து குச்சி ஒடித்து வந்து என் மனைவி நட்டது. இன்று மாமியார் இல்லை. அந்த வீடும் கைமாறிவிட்டது. மிஞ்சியிருப்பது இந்தச் செடிதான்.

வேலையில் இருந்தவரை நான் அதன் பக்கம் போனதில்லை. ஓய்வு பெற்றதும் தோட்டத்தை ஒழுங்குபடுத்தும் ஆசை வந்தது. ஒரு ஜனவரியில், காய்ந்த பூக்கொத்துகளோடு செடி நின்ற கோலம் எனக்குப் பிடிக்கவில்லை. தேயிலைத் தோட்டத்தில் கவாத்து செய்து பழகிய ஒருவரைக் கூப்பிட்டு முழங்கால் உயரத்துக்கு வெட்டச் சொன்னேன். கோடையில் செடி தளதளவென்று தழைத்தது. பூ ஒன்றுகூட இல்லை. உரம் போதவில்லை என்று நினைத்து யூரியா போட்டேன். மறு ஜனவரியிலும் வெட்டினேன். மறு கோடையிலும் இலைதான். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

பிறகுதான் விஷயம் புரிந்தது. நம் மலையில் ஹைட்ராஞ்சியா பூக்கவில்லை என்றால், பெரும்பாலும் மண்ணைக் குறை சொல்ல வேண்டியதில்லை. குற்றம் நம் கையில்தான்.

தேயிலையில் நமக்கு வேண்டியது கொழுந்து. வெட்ட வெட்டத் துளிர்க்கும். ஹைட்ராஞ்சியாவில் வேண்டியது பூ. நம் வீடுகளில் இருக்கும் பழைய ரகம், போன வருஷம் வளர்ந்த குச்சியில்தான் பூக்கும். மழை ஓய்ந்து குளிர் ஏறும்போதே அடுத்த பூவுக்கான மொட்டு நுனியில் உருவாகிவிடுகிறது. ஜனவரியில் வெட்டினால் கோடைப் பூவையே வெட்டுகிறோம்.

வெட்டத்தான் வேண்டுமென்றால், பூ வாடிய உடனே, கொத்துக்குக் கீழே பருத்த கணு இருக்கும் இடத்துக்கு மேலே வெட்டுங்கள். கிழட்டுத் தண்டு இரண்டு மூன்றை மட்டும் அடியோடு எடுங்கள். அதைத் தவறவிட்டால் காய்ந்த கொத்தை அப்படியே விடுங்கள். உறைபனியிலிருந்து கீழே உள்ள மொட்டை அது ஓரளவு காக்கும். பனி கடுமையான இரவுகளில் ஒரு பழைய வேட்டியைப் போர்த்தி, காலையில் எடுத்துவிடலாம். யூரியாவைக் குறையுங்கள், அது இலைக்குத்தான் ஊட்டம். மக்கிய எரு போதும். காலை வெயிலும் மதிய நிழலும் உத்தமம். முழு நிழலில் பூ குறையும்.

நிறத்தைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. நம் மலையின் புளிப்பு மண்ணில் செடி அலுமினியத்தை எளிதாக உறிஞ்சும். அதனால் பூ நீலமாகிறது. சுண்ணாம்பு கலந்த சுவரோரம் அதே செடி இளஞ்சிவப்பாகப் பூக்கலாம். அது நோயல்ல, மாற்ற மெனக்கெட வேண்டியதில்லை.

வயதான காலத்தில் நமக்கு நேரம் இருக்கிறது, கையில் கத்தரியும் இருக்கிறது. எதையாவது செய்துகொண்டே இருந்தால்தான் அக்கறை என்று நினைக்கிறோம். சில செடிகளுக்குச் சும்மா இருப்பதும் பராமரிப்புதான்.

மூன்றாம் ஜனவரியில் நான் செடியைத் தொடவில்லை. அந்தக் கோடையில் 11 கொத்துகள், எல்லாம் நீலம். மனைவி ஒன்றைப் பறித்து அவள் அம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "இனிமேல் அந்தக் கத்தரி என்கிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

கொடுத்துவிட்டேன்.