குசினியில் இருக்கும் லோவிசாள்



நமது ஆராதனை பிற்பகல் இரண்டு மணிக்கு. என் தாத்தா பன்னிரண்டரைக்கே வந்துவிடுவார். லா குர்னெவில் ரயில் ஏறி, கார் து நோரில் இறங்கி, ஃபொபூர் சேன்-தெனி வீதியால் மேலே நடந்து வருவார். அம்மம்மா பின்னால். வழியில் கறிவேப்பிலையும் பச்சை மிளகாயும் வாங்க வேண்டும், லா ஷப்பல் கடைக்காரரோடு விலை பேச வேண்டும். (பேசாமல் வாங்கினால் அது அவவுக்கு வாங்கின மாதிரி இல்லை.) காலையில் பிரெஞ்சுச் சபை கூடிய மண்டபம் அது. அவர்கள் போனதும் கதிரைகளை நம் ஒழுங்குக்கு மாற்றுவது தாத்தாவின் வேலை. மண்டபத் திறப்பும் அவரிடம்தான். அம்மம்மா நேரே குசினிக்குள் போவா. ஆராதனை முடிந்து நாம் சாப்பிடும் ரோல்ஸும் வடையும் தேநீரும் அங்கிருந்துதான் வருகின்றன. எனக்குத் தெரிய பதினொரு வருடம் இது நடக்கிறது.

இனி நான் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காது. நமது சபை இவர்களுடைய கைகளைப் பயன்படுத்துகிறது, வாயைப் பயன்படுத்துவதில்லை. "விசுவாசத்தை நம் முன்னோரிடம் கற்றுக்கொள்ளுங்கள்" என்று பிரசங்கத்தில் கேட்கிறோம். அடுத்த நிமிடம் பிள்ளைகளை மேல்மாடி ஞாயிறு பாடசாலைக்கு அனுப்புகிறோம், முதியவர்களைக் குசினிக்கு அனுப்புகிறோம், வாலிபர் நாம் ஒலிபெருக்கி வயர்களோடு மல்லுக்கட்டுகிறோம். மூன்று தலைமுறை ஒரே கூரையின் கீழ் நான்கு மணி நேரம் இருந்தும் ஒருவரோடு ஒருவர் நாலு வசனம் பேசாமல் வீட்டுக்குப் போகிறோம்.

தாத்தாவும் அம்மம்மாவும் குற்றமற்றவர்கள் என்றும் சொல்லமாட்டேன். சபைக்கு உழைப்பது அவர்களுக்குச் சுகமாக இருக்கிறது. பாஷை தெரியாத நாட்டில் மதிப்போடு நிற்கக்கூடிய ஒரே இடம் அது. ஆனால் நான் பத்து வயதில் அந்த மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்து, எப்போது தாத்தா திறப்பைப் பூட்டிவிட்டு என்னைப் பார்ப்பார் என்று காத்திருந்த ஞாயிறுகள் எனக்கு நினைவிருக்கின்றன. சபைக்குக் கொடுத்த நேரம் எங்கிருந்தோ எடுக்கப்பட்ட நேரம்தானே.

அம்மம்மாவின் ஊர் பண்டத்தரிப்பு. மிஷன் வரலாறு வாசித்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரிந்திருக்கும். நியூயோர்க்கில் நல்ல தொழிலோடு இருந்த வைத்தியர் ஜோன் ஸ்கடர் 1819இல் மனைவி ஹரியட்டோடு கப்பலேறி யாழ்ப்பாணம் வந்தார். 1820இல் பண்டத்தரிப்பில் வைத்தியத்தையும் ஊழியத்தையும் தொடங்கினார். மகன் ஹென்றி 1822இல் அங்கேயே பிறந்தார். சிறுவனாக இருக்கும்போதே படிப்புக்காக அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டார். அந்தக் காலத்தில் கப்பல் போய்ச் சேர மாதக்கணக்காகும். அந்தத் தாய் என்ன பாடுபட்டிருப்பா என்று புகழுரைகளில் யாரும் நின்று யோசிப்பதில்லை. ஆனாலும் ஸ்கடரின் ஏழு மகன்மார் மிஷனரிகளானார்கள். இருநூறு வருடத்துக்கு முன் யாருடையவோ தாத்தாவும் பாட்டியும் கடல் கடந்து எங்கள் ஊருக்கு வந்தார்கள். இன்று எங்கள் ஊர்த் தாத்தாவும் அம்மம்மாவும் பாரிஸில் கதிரை அடுக்குகிறார்கள்.

ஸ்கடரின் பேத்திதான் வேலூர் மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர். ஹரியட் 1849இலும் ஜோன் 1855இலும் இறந்துபோனார்கள். ஐடா 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்தவர்; அப்பாவின் பெற்றோரைக் கண்டதே இல்லை. அதைவிட முக்கியம், அவருக்கு இந்த மிஷனரி வாழ்க்கையே வேண்டாம் என்று இருந்தது. பஞ்சமும் வெயிலும் பிரிவும் போதும், அமெரிக்காவிலேயே இருந்துவிடலாம் என்று நினைத்தவர். 1890இல் தாயார் சுகவீனமாக இருந்ததால்தான் திண்டிவனம் வந்தார். ஒரே இரவில் மூன்று ஆண்கள், ஒருவர் பின் ஒருவராக, பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவிமாருக்கு உதவி கேட்டு வந்தார்கள். ஆண் வைத்தியரான ஐடாவின் தந்தையை அவர்கள் ஏற்கவில்லை. ஐடாவோ வைத்தியம் படிக்காதவர். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் அமெரிக்கா போய்ப் படித்து, 1899இல் பட்டம் பெற்று, 1900இல் திரும்பி வந்தார்.

இந்தக் கதையை நாம் வழக்கமாக "தேவனுடைய அழைப்பு" என்ற தலைப்பில் சொல்வோம். எனக்கு இதில் வேறொன்று தெரிகிறது. தாத்தா மிஷனரி என்பதற்காக ஐடாவுக்கு விசுவாசம் காணி உறுதி மாதிரி கைமாறவில்லை. கதவு தட்டப்பட்டபோது அவர் அந்த வீட்டுக்குள் இருந்தார், அவ்வளவுதான். வேலை நடக்கும் இடத்தில் இருந்தார். அதன் நோவைக் கண்ணால் கண்டார். நாம் நம் பிள்ளைகளை வேலை நடக்கும் இடத்திலிருந்து அல்லவா வெளியே அனுப்புகிறோம், நிறம் தீட்டும் தாள்களோடு?

வேதத்திலும் ஒரு பாட்டி இருக்கிறா. பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் தொடக்கத்தில், அவனுடைய விசுவாசம் முதலில் பாட்டி லோவிசாளிடமும் பிறகு தாய் ஐனிக்கேயாளிடமும் இருந்தது என்கிறார். பாட்டி என்பதற்கான கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் அந்த ஓரிடத்தில்தான் வருகிறது. அந்த வீடு எப்படிப்பட்டது என்று அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரத்தில் பார்க்கலாம். தகப்பன் கிரேக்கன். மகன் விருத்தசேதனம் செய்யப்படவில்லை. யூதருக்கு அந்நியமான லீஸ்திராவில், பாதி வீடு ஒரு பக்கமும் பாதி வீடு மறுபக்கமுமாக இருந்த குடும்பம். நம்மில் எத்தனை வீடுகள் இன்று அப்படி! என் அக்காவின் (பெரியம்மாவின் மகள்) கணவர் பிரெஞ்சுக்காரர், ஆலயப் பக்கமே வராதவர், நல்ல மனிதர். அவர்களுடைய ஆறு வயது மகனுக்கு நூறு தமிழ்ச் சொல் தெரிந்தால் அதிகம். "இந்தப் பிள்ளைக்கு நான் எப்படி ஆண்டவரைச் சொல்லுறது?" என்று அம்மம்மா ஒருநாள் அழுதா.

இங்கேதான் நம் பெரியவர்களோடு எனக்கு வாக்குவாதம். முதலில் தமிழ், பிறகு ஜெபம் என்று வரிசை வைக்கிறார்கள். தமிழை நான் நேசிக்கிறேன். இதைத் தமிழில்தானே எழுதுகிறேன். ஆனால் பிள்ளை பிரெஞ்சில் ஜெபிக்கும்போது நடுவில் மறித்துத் திருத்தினால், அடுத்த முறை அது வாயே திறக்காது. 'கிருபாசனம்' என்ற சொல் எனக்கு விளங்கியதே பிரெஞ்சு வேதாகமத்தோடு ஒப்பிட்டு வாசித்தபோதுதான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அம்மம்மாவிடம் நான் பெற்றது ஞாயிறு பாடசாலையில் கிடைத்ததல்ல. எனக்குப் பதினாறு வயது. குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தோம். 1995 ஒக்டோபரில் வலிகாமம் முழுவதும் வெளியேறிய அந்த இரவைப் பற்றிப் பேச்சு வந்தது. மழையில், கைதடிப் பக்கம் சனத்தோடு சனமாக நடந்ததைச் சொன்னா. "அப்ப ஆண்டவர் எங்க இருந்தவர்?" என்று கேட்டுவிட்டேன். திட்டு விழும் என்று நினைத்தேன். அவ கத்தியைக் கீழே வைத்தா. "எனக்கும் தெரியாது பிள்ளை. நான் இன்னும் அவரிட்டக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்" என்றா. பிறகு மறுபடி வெங்காயம். நான் இன்றும் ஆலயத்தில் இருக்கிறேன் என்றால் அந்தப் பதிலால்தான். எல்லாவற்றுக்கும் வசனம் சொல்லியிருந்தா என்றால் பதினெட்டு வயதில் போயிருப்பேன், என்னோடு படித்த பலர் போனது போல.

ஆகவே நமது வாலிபர் ஐக்கியத்துக்கு என் கோரிக்கை பெரியதல்ல. மாதத்தில் ஒரு ஞாயிறு பிள்ளைகளை மேல்மாடிக்கு அனுப்பாமல் கீழே வைத்திருப்போம். கதிரை அடுக்கட்டும், தட்டுக் கழுவட்டும். ஆராதனைக்குள் பத்து நிமிடம் ஒரு முதியவர் தன் கதையைச் சொல்லட்டும். நம்மில் ஒருவர் பக்கத்தில் நின்று பிரெஞ்சில் சொல்வோம். பிழையாக மொழிபெயர்த்தாலும் பரவாயில்லை. முதியவர்களே, அந்தப் பத்து நிமிடத்தில் எங்கள் உடுப்பைப் பற்றியும் தலைமயிரைப் பற்றியும் பேசாதீர்கள், தயவுசெய்து. குசினி வேலையை நாற்பது வயதுக்காரர் எடுத்துக்கொள்ளலாம். அவர்களுக்கு முழங்கால் நன்றாக இருக்கிறது.

கடந்த மாதம் கேட்காமலே இதைச் செய்து பார்த்தோம். அக்காவின் மகனைப் பன்னிரண்டரைக்கே கூட்டிக்கொண்டு போனேன். தாத்தா அவனிடம் திறப்பைக் கொடுத்தார். கதவு திறக்க அவனுக்கு ஐந்து நிமிடம் எடுத்தது. தாத்தா கை நீட்டவே இல்லை. நான்காவது வரிசை அடுக்கும்போது, ஏன் ஒவ்வொரு கிழமையும் இதைச் செய்கிறீர்கள், யாரும் சம்பளம் தருகிறார்களா என்று பிரெஞ்சில் கேட்டான். நான் தமிழில் சொன்னேன். தாத்தா ஒரு கதிரையில் இருந்து, அவனையும் பக்கத்துக் கதிரையில் இருக்கச் சொன்னார். அன்று ஆராதனை தொடங்கியபோது மூன்று வரிசை அடுக்காமலே கிடந்தது.